டாடியின் காலில் தப்பில்லை

சைனிக்புரியில் எங்கள் அபார்ட்மெண்டில் கார்களைத் தரைக்குக் கீழேதான் நிறுத்துவோம். இந்த ஊரில் அதற்கு செல்லார் என்று பெயர். அங்கிருந்து தெருவுக்கு ஏற ஒரு சிமெண்ட் சரிவு உண்டு. போன மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தச் சரிவில் வைத்து என் தகப்பனாரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினேன்.

வீட்டில் டாடியும் நானும் மட்டும்தான். அவருக்கு எழுபத்தாறு வயது. வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு கீறல் விழாமல் கார் ஓட்டியவர். அன்று சர்ச்சுக்குப் புறப்பட்டோம். நான் குடையோடு கேட்டில் நிற்க, அவர் காரை மேலே ஏற்றினார். பாதி ஏற்றத்தில் முன்சக்கரங்கள் கிறீச்சிட்டன. வண்டி அப்படியே பின்னால் வழுக்கிப்போய், பக்கத்து வீட்டம்மாவின் ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டது.

வாட்ச்மேன் ஓடிவந்தார். அந்த அம்மாவும் வந்தார். இன்னும் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். டாடி இறங்கி என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வண்டி பிடிக்க மாட்டேங்குதுமா. சக்கரம் வெறுமனே சுத்துது."

"ஆக்சிலேட்டர அப்படி மிதிச்சா சுத்தாம என்ன செய்யும்? உங்க காலு பழைய மாதிரி இல்ல டாடி. ஒத்துக்குங்க. யாரையாவது கொல்ற வரைக்கும் ஓட்டணுமா?"

கையை நீட்டினேன். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தார். அன்றைக்கு நாங்கள் சர்ச்சுக்குப் போகவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கு ஆறு மாதம் முன்னால் காரை சர்வீஸுக்கு விட்டபோது, டயரை மாற்றச் சொல்லி எனக்கு ஃபோன் வந்திருந்தது. டயரில் வரிகள் ஆழமாகத்தானே இருக்கின்றன, வியாபாரத்துக்காகச் சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். டாடியிடம் சொல்லவே இல்லை. அன்று சரிவில் கத்தும்போது அது நினைவுக்கு வந்ததா என்றால், வந்தது. ஒரு கணம் வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது.

மூன்று வாரம் நானே ஓட்டினேன். ஒருநாள் தூறலில், ஏ.எஸ்.ராவ் நகர் சிக்னலில் பிரேக் போட்டேன். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், ஒரு பைக்குக்கு ஒரு சாண் பின்னால் நின்றது. பைக்கில் பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பச்சை விழுந்தும் நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

மறுநாள் நாச்சாரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். சரிவில் நடந்ததையும் சொல்லி, கிளட்சாக இருக்குமோ என்று கேட்டேன். அவர் கடை வாசல் ஏற்றத்தில் ஹோஸால் தண்ணீர் அடித்து, என்னை வண்டியை ஏற்றச் சொல்லிவிட்டு, வெளியே குந்தி சக்கரத்தைப் பார்த்தார்.

"கிளட்ச் இல்ல மேடம்," என்றார், இந்தியும் தெலுங்குமாக. "கிளட்ச் போயிருந்தா இன்ஜின் மட்டும் கத்தும், சக்கரம் சுத்தாது. இங்க சக்கரம் சுத்துது, ரோடப் பிடிக்கல."

டாடி சொன்ன அதே வார்த்தை.

டயரில் நகத்தை அழுத்தச் சொன்னார். நகம் இறங்கவே இல்லை, கல்மாதிரி இருந்தது. பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களைத் துடைத்துக் காட்டினார். எந்த வாரம், எந்த வருஷம் செய்த டயர் என்று அதில் இருக்குமாம். பதினோரு வருஷம் ஆகியிருந்தது. வண்டி அதிகம் ஓடாததால் வரிகள் தேயவில்லை. ஆனால் ரப்பர் இறுகிப் போயிருந்தது. நாலையும் மாற்றினார். அதே ஈர ஏற்றத்தில் வண்டி சத்தமில்லாமல் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த டாடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சர்வீஸிலிருந்து வந்த ஃபோனையும் மறைக்கவில்லை. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "யாருக்கும் அடிபடலியே?" என்றார்.

"இல்ல டாடி."

"கீழ இருக்கறவங்ககிட்ட சொன்னியா?"

எதற்கு என்று கேட்டேன்.

"அந்த வாட்ச்மேன் இப்பல்லாம் என்னக் கைபிடிச்சு படி இறக்கி விடறான்மா. நான் கேக்கவே இல்ல."

கீழே போனேன். வாட்ச்மேனிடம் தெலுங்கில், தப்பு டயரிலும் என்னிடமும்தான், டாடியின் காலில் இல்லை என்றேன். அவர் சங்கடமாகத் தலையாட்டினார். ஸ்கூட்டர்கார அம்மா கதவைத் திறந்து, டிவி சத்தத்துக்கு நடுவே கேட்டுவிட்டு, "பரவாயில்ல, பெரியவர் இல்லையா, வயசாகுதுல்ல," என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு டாடிதான் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் என் வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது. அவர் அதைப் பார்த்துவிட்டார். எனக்காக வேகத்தைக் குறைத்தார்.