மெற்றில்டா கொடுத்த நற்சாட்சி

மெற்றில்டாவின் மூக்குக்கண்ணாடியைப் பற்றிக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கதை உண்டு. கப்பல் ஏஜென்சி ஒன்றில் முப்பத்தொரு வருடம் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்த்தவள் அவள். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துறைமுகப் பக்கம் ஒரு பார்வை பார்த்தால், பூட்டிய கொண்டெய்னருக்குள் எத்தனை உள்ளிப்பூண்டு முளைவிட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாளாம். ஒருமுறை அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு கப்பல் தானாகவே திரும்பிக் காலித் துறைமுகத்துக்குப் போய்விட்டதாம். கப்பல் திரும்பியதை நம்பாவிட்டாலும் பரவாயில்லை. மெற்றில்டா ஓர் எழுத்துப் பிழை விடாதவள் என்பதை நம்பினால் போதும். அப்படிப்பட்டவள் தன் அறுபத்தெட்டாவது வயதில், ஒரு திங்கட்கிழமை காலையில், டெலிபோனில் பிழை விட்டாள்.

அழைத்தவர் வெள்ளவத்தையிலிருந்து திருமதி சாந்தகுமார். அவருடைய மகன் திலக்ஷன் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவன். அங்கே எக்ஸ்ரே எடுக்கும் ரதியைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். ரதி, மெற்றில்டாவின் பக்கத்து வீட்டுப் பிள்ளை. சுவர் ஒன்று, வீடு இரண்டு. சம்பந்தம் பேசுமுன் அயலில் விசாரிப்பது வழக்கமல்லவா? யாரிடம் விசாரிக்கலாம் என்று கேட்டபோது ரதியே மெற்றில்டாவின் நம்பரைக் கொடுத்திருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததும், எக்ஸ்ரே படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொடுத்ததும் மெற்றில்டாதான்.

மெற்றில்டா தொண்டையைச் செருமிக்கொண்டு நற்சாட்சி சொன்னாள்.

“அருமையான பிள்ளை. தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்துப் பக்கம்தான், ஆனால் கண்டால் ஒருத்தரும் சொல்லமாட்டினம். எங்களோடை இருந்து நல்லாத் திருந்திட்டினம்.”

போனை வைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஒரு பெருமை வந்தது. தேத்தண்ணி ஊற்றி இரண்டு பிஸ்கட்டும் தின்றாள்.

செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வெள்ளவத்தையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வியாழக்கிழமை வேலைக்குப் போகும் வழியில் ரதி எட்டிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“அவையள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை, அன்ரி. திலக்ஷனும் வேலைக்கு வரேல்லை, போன் எடுக்கேல்லை. நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“நல்லதைத்தான் சொன்னனான். அருமையான பிள்ளை எண்டு.”

“பிறகு?”

மெற்றில்டா வாயைத் திறந்தாள்.  மூன்று நாளாகப் புகழ்ச்சி என்று நினைத்திருந்ததை, யாரைப் புகழ்ந்தாளோ அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை. பிறகென்ன, அவ்வளவுதான் என்று முணுமுணுத்தாள். ஒரு பத்திரத்திலும் ஒரு வரியை விட்டு வாசிக்காதவள் அன்றைக்கு இரண்டு வரியை விழுங்கினாள்.

 அன்று பகல், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் செய்வதைப்போலக் கதிரையில் குந்தி, பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தன்னைச் சோதித்தாள். எட்டாம் கட்டளையில் கொஞ்சம் நேரம் நின்றாள். பொய்ச்சாட்சியா? இல்லையே, சொன்னது முழுக்க உண்மை. ரதியின் தாய் சீனியம்மாவும் தகப்பன் இராமரும் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர்கள்தான். பத்தாம் கட்டளை வரை போயும் இந்தப் பாவத்துக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. இடமில்லாவிட்டால் பாவமில்லை என்று எழும்பப் பார்த்தாள். நெஞ்சு விடவில்லை.

பதில் ஏஜென்சிக் கந்தோர் ஞாபகத்திலிருந்து வந்தது. நல்ல சரக்குத்தான், ஆனால் பெட்டியின் மூலை கொஞ்சம் நசுங்கியிருக்கிறது என்று பத்திரத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதினால் போதும். வங்கி அந்தப் பத்திரத்தைத் தொடாது, காசும் கொடுக்காது. அப்படி ஒரு வரி விழாமலிருக்க எத்தனை வியாபாரிகள் அவளுடைய மேசைக்கு முன்னால் நின்று கெஞ்சியிருப்பார்கள்! அந்த வரியை இப்போது ஒருவரும் கேட்காமலே ரதியின் தலையில் எழுதிவிட்டாள்.

ரதிக்கு மட்டும்தானா? அயலில் இருக்கும் லுத்பியா பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்பினால், முஸ்லிம் ஆக்கள் என்றாலும் எவ்வளவு சுத்தம் என்பாள். மட்டக்குளியிலிருந்து குழாய் திருத்த வந்தவன் சொன்ன நேரத்துக்கு வந்தால், அந்தப் பக்கத்து ஆளுக்கு இது பெரிய விசயம் என்பாள். நல்லது சொன்ன இடமெல்லாம் தேடத்தேட ஓரத்தில் ஒரு வரி இருந்தது. தேடுவதை நிறுத்தினாள். பயமாயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வெள்ளவத்தைக்குப் புறப்பட்டாள். இரண்டு பஸ். காலி வீதி அன்றைக்கென்று இந்தியாவரைக்கும் நீண்டு கிடந்தது. சொல்லப்போவதை நாலு விதமாகப் பாடமாக்கி, கொள்ளுப்பிட்டியில் ஒன்றையும் பம்பலப்பிட்டியில் இரண்டையும் தொலைத்து, கையில் ஒன்றோடு இறங்கினாள்.

திருமதி சாந்தகுமார் ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்து, சொந்தக்காரியைக் கண்டதுபோல உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நீங்கள் வெளிப்படையாகச் சொன்னது பெரிய உதவி, அதுவரைக்கும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்.  அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் பூசி மெழுகினேன் என்று மெற்றில்டா மனதில் ஒரு மூலையில் வைத்திருந்த ஆறுதலும் போயிற்று.

“நான் பிழையாச் சொல்லிப்போட்டன்,” என்றாள்.

“அப்ப அவை தோட்டத்து ஆக்கள் இல்லையோ?”

“தோட்டத்து ஆக்கள்தான்.”

“அப்ப என்ன பிழை?”

பஸ்ஸில் பாடமாக்கியதை விட்டுவிட்டு மெற்றில்டா வேறொன்றைத் தொடங்கினாள். 

“என்ரை அப்பப்பா தூத்துக்குடியிலையிருந்து வெங்காயம் ஏத்தின தோணியிலை வந்தவர். என்னைக் காட்டி ஒருத்தரும் திருந்திட்டா எண்டு சொன்னதில்லை.”

“சீச்சீ, உங்கடை கதை வேறை. நீங்கள் படிச்ச ஆக்கள்.”

“அந்தப் பிள்ளையும் படிச்சதுதான். திருத்த அதிலை ஒண்டும் இருக்கேல்லை. நான் திருத்தவுமில்லை.”

 மகன் மூன்று நாளாகத் தன்னோடு கதைப்பதில்லை என்றார் திருமதி சாந்தகுமார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. லிப்ட் வரை வந்து வழியனுப்பினார்.

பின்னேரம் ஐந்தரைக்கு ரதி வந்தாள். மெற்றில்டா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை சொன்ன மூன்று வரியையும் ஓர் எழுத்து விடாமல் ஒப்புவித்தாள். ரதி அழுவாள், அல்லது ஏசுவாள் என்று பார்த்திருந்தாள்.

“தெரியும் அன்ரி. திலக்ஷன் இண்டைக்குச் சொன்னவர். பள்ளிக்கூடத்திலை நான் பரிசு வாங்கின அண்டும் ஃபாதருக்கு முன்னாலை இதைத்தானே சொன்னீங்கள். நான் பக்கத்திலை நிண்டனான்.”

“அப்ப ஏன் பிள்ளை என்ரை நம்பரைக் குடுத்தனீ?”

“வேறை ஆரின்ரையைக் குடுக்க? எனக்குத் தெரிஞ்ச ஆக்களுக்குள்ளை நீங்கள்தான் எங்களைப் பற்றி நல்லதாச் சொல்லுறனீங்கள்.”

அதற்கு ஏச்சே மேல். மெற்றில்டா கண்ணாடியைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். கல்யாணம் என்னாயிற்று என்று கடைசியில் மெல்லக் கேட்டாள். ஏன் முதலே சொல்லவில்லை என்று திலக்ஷன் கேட்டானாம். ஒளிக்கிற விசயமா இது என்று இவள் திருப்பிக் கேட்டாளாம். யோசித்துவிட்டு வாருங்கள், நானும் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கதவடியில் நின்று திரும்பினாள்.

“அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது. அதை நீங்களே சொல்லுங்கோ.”

கொஞ்ச நேரத்தில் நடையில் சீனியம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமைகளில் அவள் ஏதாவது கொண்டுவருவாள். அன்றைக்குக் கிண்ணத்தில் கடலை. வழக்கம்போலக் கதவு நிலையில் தோளைச் சாய்த்து நின்றாள். முப்பது வருடமாக அந்த நிலையில்தான் நிற்கிறாள். அவள் தோள் பட்ட இடத்தில் பெயின்ற் தேய்ந்து மரம் தெரிகிறது. எந்தப் பத்திரத்திலும் எந்த எழுத்தையும் தவறவிடாத கண்ணுக்கு அந்த இடம் இன்றைக்குத்தான் தெரிந்தது. மெற்றில்டா எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

“சீனியம்மா, வந்து இதிலை இருங்கோ.”

சீனியம்மா நிலையைவிட்டு நிமிர்ந்தாள். 

“என்னங்கக்கா? எங்க வீட்டுக்காரருக்கு ஏதாச்சுமா? அவரு வேல செய்ற ஒருகொடவத்தை யார்டுலேருந்து போன் வந்திச்சா? கொண்டெய்னரு ஏதும் மேல விழுந்து...”

“இல்லை, இல்லை. ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை.”

“அப்புறம் ஏங்க்கா உக்காரச் சொல்றீங்க?”

மெற்றில்டா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  சீனியம்மா கதிரை நுனியில், எந்த நேரமும் எழும்பி ஓடத் தயாராகக் குந்தினாள். அவள் சரியாக உட்காரும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, மெற்றில்டா திங்கட்கிழமை சொன்னதன் முதல் வரியைத் தொடங்கினாள்.