ஐம்பதில் வரும் உதறல்

அந்தக் கேரேஜ்காரரை எல்லாரும் வைத்தியர் என்றுதான் கூப்பிட்டார்கள். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; வினையே அதுதான். சொல்வதெல்லாம் பலித்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் தலைக்கனம் ஏறாது?

அவரோடு சேர்ந்து கேரேஜை நடத்தியவர் தங்கையின் புருஷன். பத்தொன்பது வருஷமாக இருவரும் ஒரே பள்ளத்தில் இறங்கி வேலை பார்த்தார்கள். வைத்தியருக்கு வாய் ஓயாது. மாப்பிள்ளை சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழைதான்.

ஒரு எஸ்டேட் மேனேஜரின் ஜீப், நாலு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி, பின்பக்கம் ஆயில் ஒழுகுகிறது என்று வந்து, சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் ஷாஃப்டை இறக்கி, ஒழுகலைத் தடுக்கும் சீலை மாற்றியதும் சரியாகிப் போனது. மூன்றாம் நாளே திரும்பி வந்தது. வேகம் ஐம்பதைத் தொட்டால் வண்டியே உதறுகிறது, உட்கார முடியவில்லை என்றார் மேனேஜர். கூட இரண்டு பேர் வேறு நின்றார்கள். வைத்தியர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் நடக்கும் வேலையெல்லாம் மாப்பிள்ளையுடையது.

"தங்கச்சியக் கட்டிக்குடுத்த பாவத்துக்கு வச்சிருக்கேன் சார். ஒரு ஷாஃப்ட ஒழுங்கா மாட்டத் தெரியல."

மாப்பிள்ளை விளக்கை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போனார். வெளியே வந்து என்னவோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. கையைத் துடைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

வைத்தியர் தனியாக வண்டியோடு மல்லுக்கட்டினார். சக்கரங்களை மாற்றிப் பார்த்தார்; உதறல் அப்படியே இருந்தது. முன்பக்க ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஓட்டினார், அப்போதும் உதறியது. அதை மாட்டி, பின்பக்க ஷாஃப்டைக் கழற்றி, முன்சக்கரங்களை மட்டும் இழுக்கவிட்டு ஓட்டினார். வண்டி எண்ணெய் போட்ட மாதிரி போயிற்று. அவருக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது.

கழற்றிய ஷாஃப்டை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். அது பல்லோடு பல் பொருந்தி ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டு. இரண்டிலும் உளியால் தட்டிய அடையாளப் புள்ளி உண்டு. புள்ளிகள் எதிரெதிரே நிற்க வேண்டும்; தவறினால் வேகத்தில் உதறும். இதில் இரண்டு பல் தள்ளி நின்றன. மாட்டியவன் புள்ளியைப் பார்க்காமல் சொருகியிருக்கிறான். கழற்றிப் போட்டிருந்த நட்டுகளை அதற்குப் பிறகுதான் கவனித்தார். மாப்பிள்ளை முறுக்கிய நட்டு என்றால் தலையில் ஒரு சொட்டு மஞ்சள் பெயிண்ட் வைத்திருப்பார். நாலும் வெறும் நட்டு. ஆயில் ஒழுகலுக்கு ஜீப் வந்த அன்றைக்கு, மாப்பிள்ளை சீல் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, தானே ஷாஃப்டை இறக்கி வைக்கையில் அது இரண்டாகக் கழன்று வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. சீல் வந்ததும் அவசரத்தில் தன் கையாலேயே சொருகி மாட்டியதும் ஞாபகம் வந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். தப்பு என்னுடையது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

"தெரியும் மச்சான். அன்னைக்கே பார்த்துட்டேன்," என்றார் மாப்பிள்ளை.

பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டதற்கு, மூணு பேர் முன்னால் உங்களை எப்படிச் சொல்வது என்றார். அது வைத்தியருக்குச் செருப்படியைவிட மோசமாக இருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டு அவர் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"திட்டினதுக்கு ஒண்ணுமில்ல மச்சான். பத்தொம்பது வருஷமா திட்டுறீங்க, நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஆனா அன்னைக்கு நான்தான் செஞ்சேன்னு நிஜமாவே நம்பிட்டீங்க. அதுக்கப்புறம் எப்படி வர்றது?"

தங்கை கதவருகே நின்றிருந்தாள். அண்ணனை உட்காரச் சொல்லவில்லை.