வெள்ளைப்படுதலும் ஒரு வேண்டுதலும்

தைப்பூசத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போதே நாள் எண்ணிப் பார்த்துவிட்டேன். பால்குடம் எடுக்கும் பெண்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். என் மாதவிலக்கு பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பே வந்துவிடும், தடையில்லை. கப்பல் பட்டறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட என் கணவர் எழுந்து நடந்தால் குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். அவர் நடந்துவிட்டார். இனி நான் நடக்க வேண்டியதுதான் பாக்கி.

விரதம் தொடங்கிய வாரமே வெள்ளைப்படுதல் மாறியது. தயிர்த் திப்பி போலக் கட்டியாக வந்தது. அரிப்பு உயிரை வாங்கியது. எனக்கு வேலை கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையில். நாள் முழுக்க வெயில், வியர்வை, இறுக்கமான ஜீன்ஸ். உடம்புச் சூடு என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, வெந்தயம் ஊறவைத்த மோரைக் குடித்தேன்.

அரிப்பைவிடப் பெரிய பயம் வேறு. இதுவும் தீட்டுதானா? தீட்டென்றால் குடத்தைத் தொட முடியாது. யாரிடமும் கேட்க வெட்கம். தேக்கா சந்தையில் வேப்பிலை வாங்கி, மஞ்சளோடு கொதிக்கவைத்து ஆற்றி, அதில் ஒரு மூடி கிருமிநாசினியும் விட்டு, காலையும் மாலையும் உள்வரை கழுவினேன். வெள்ளிக்கிழமை காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் முன் மூன்றாவது தடவையும். போதாததற்கு வாசனை போட்ட சானிட்டரி பேட் வேறு. பத்தாம் நாள் எரிச்சலில் பேருந்தில் உட்காரக்கூட முடியவில்லை.

செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் டாக்டர் ஒரு தமிழ் முஸ்லிம் பெண், என் வயதுதான் இருக்கும்.

"கெட்ட வாடை இருக்கா? பச்சை, சாம்பல் கலர்ல? ரத்தம், அடிவயித்து வலி?"

"இல்ல டாக்டர். தயிர் மாதிரி வருது. அரிக்குது."

"எதுல கழுவுறீங்க?"

"தண்ணிலதான்," என்று கூசாமல் பொய் சொன்னேன்.

பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றியவர், "உங்க வீட்டுக் குழாய்ல மஞ்சத் தண்ணியா வருது?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இது ஈஸ்ட், பூஞ்சைத் தொற்று லா. வியர்வையும் டைட் ஜீன்ஸும் அதுக்கு வசதி. நீங்க ஊத்துனது அதைவிட மோசம், உள்ள இருக்கிற நல்ல கிருமியும் போச்சு. வெளிய வெறும் தண்ணி போதும், உள்ள அதுவே சுத்தம் பண்ணிக்கும்."

"இது தீட்டா டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. "கோயில் விஷயம் எனக்குத் தெரியாதுங்க. உடம்பு விஷயம் சொல்றேன். இப்ப வந்திருக்கிறது நோய், மருந்துக்குப் போயிடும். மாச நடுவுல முட்டை வெள்ளை மாதிரி வழவழன்னு வரும் பாருங்க, அது நோய்கூட இல்ல. திரும்பத் திரும்ப இப்படித் திப்பியா வந்தா வாங்க, சுகர் டெஸ்ட் பண்ணணும்."

வெளியே வந்ததும் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. இலை மஞ்சளானதும் கண்ட மருந்தையும் ஊற்றிவிட்டு வாடிய செடியோடு வருகிறவர்களைப் பண்ணையில் நான் திட்டாத நாளில்லை.

உள்ளே வைக்கும் மாத்திரையை டாக்டர் சொன்னபடி வைத்து முடித்தேன். வாசனைப் பேட் குப்பைக்குப் போனது; ஜீன்ஸுக்குப் பதில் தொளதொளவென்று பருத்திக் கால்சட்டை வந்தது. ஒரு வாரத்தில் அரிப்பு நின்றது. மாதவிலக்கும் எண்ணியபடியே வந்து போனது. குடம் எடுக்கலாமா என்று அதன்பின் நான் யாரையும் கேட்கவில்லை. எடுப்பது என்று நானே முடிவு செய்தேன்.

பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து தலையில் குடத்தோடு கிளம்பினேன். பக்கத்தில் கணவர், இடது காலை லேசாகச் சாய்த்துச் சாய்த்து. பாதி வழியில் ஈரம் தெரிந்தது. முன்பென்றால் குடத்தை யார் கையிலாவது திணித்துவிட்டுக் கழிப்பறை தேடி ஓடியிருப்பேன். நின்று, மாதவிலக்கு வந்த நாளிலிருந்து எண்ணினேன். பதினான்கு. அரிப்பில்லை, எரிச்சலில்லை, டாக்டர் சொன்ன வழவழப்பு மட்டும்தான்.

"என்ன நின்னுட்ட, முடியலையா?" என்றார் கணவர்.

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க நடங்க," என்று குடத்தைச் சரிசெய்துகொண்டேன்.