பகல் நித்திரையும் ஒரு கலியாணப் பேச்சும்

முதல் தடவை அது என்னைப் பிடித்தபோது, மச்சாள் மூன்றடி தள்ளி இருந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

1986, மாசி மாதம், காலை பத்து மணி. கனடாவில், ஸ்காபரோவில் தம்பியின் அப்பார்ட்மென்டில்தான் நான் இருந்தேன். மச்சாள் என்றது தம்பியின் மனைவியை. இரவு முழுவதும் ஒரு பேக்கரியில் மஃபின்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, காலையில் வந்து ஹோலில் சோபாவை விரித்துப் படுப்பேன். மச்சாள் அந்த நேரம் ஒரு ஆங்கில நாடகம் பார்ப்பாள். எனக்காகச் சத்தத்தை முற்றாகக் குறைத்துவிட்டு, வாய் அசைவதை வைத்தே கதையைப் பிடித்துக்கொள்வாள். அவ்வளவு நல்லவள்.

கண் விழித்தேன். கண் மட்டும்தான் விழித்தது. பல்கனிக் கண்ணாடியில் பனியின் வெளிச்சம் தெரிந்தது. மச்சாளின் கை மிக்சர் கிண்ணத்துக்குப் போய் வருவது தெரிந்தது. எழும்பப் பார்த்தேன். கையும் வரவில்லை, காலும் வரவில்லை. நெஞ்சில் அரிசி மூட்டையை ஏற்றிவைத்தது போல இருந்தது. தலைமாட்டில் யாரோ நிற்கிறார்கள் என்பதும் நிச்சயமாகத் தெரிந்தது. "மச்சாள்!" என்று கத்தினேன். கத்தல் தொண்டையைத் தாண்டவில்லை. மச்சாள் கிண்ணத்தைக் கிளறி ஒரு கடலையைத் தேடி எடுத்தாள்.

பிறகு சட்டென்று விட்டுவிட்டது. எழுந்து இருந்து நடந்ததைச் சொன்னேன்.

"பேய் அமுக்கியிருக்கு" என்றாள் மச்சாள்.

"பகல் பத்து மணிக்கோ?"

"இஞ்சத்தைப் பேயும் ஷிப்ட் வேலைதானே செய்யும்!"

தலையணைக்குக் கீழே இரும்பு வைத்தால் வராது என்றாள். கத்தி வைக்கப் பயமாக இருந்தது; சோபா புதியது. தம்பியின் ஸ்குரூ டிரைவரை வைத்தோம். அடுத்த சனிக்கிழமை தம்பி அதைத் தேடி வீட்டைப் புரட்டினான். நாங்கள் இருவரும் வாயைத் திறக்காமல் அவனோடு சேர்ந்து தேடினோம். ஸ்குரூ டிரைவருக்கு அது பயப்படவில்லை. அந்த மாதம் இன்னும் மூன்று தடவை வந்தது.

சித்திரையில் ஒரு கலியாணப் பேச்சு வந்தது. எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஊரில், யாழ்ப்பாணத்தில், எனக்கு வந்த பேச்சுகள் ஏதோ ஒன்றில் நின்று நின்று, பிறகு கேட்பாரே இல்லாமல் போயிருந்தது. ஆட்களுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கவே கூச்சப்படுகிறவள் நான். அதனால் அதைப் பற்றி ஒருவரிடமும் பேசியதில்லை. மாப்பிள்ளை மட்டக்களப்புக்காரர், ஒரு உணவகத்தில் சமையல் வேலை. நான்கு தங்கச்சிமாருக்குக் கலியாணம் செய்து வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தியபோது வயது நாற்பத்தாறு ஆகியிருந்தது. படம் அனுப்பியிருந்தார். அதில் கமராவைப் பார்க்காமல், பக்கத்தில் யாரோ சொன்ன பகிடிக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிடித்துவிட்டது. அதைச் சொல்லவும் வெட்கம். "உங்கட விருப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

தம்பி கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, உந்த அமுக்கிற கதையை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நோய் பிடிச்ச வருத்தக்காரி எண்டு நினைப்பினம். முதலில கலியாணம் முடியட்டும்."

முடிந்தால்? அவருக்கு வேலை பிற்பகல் மூன்று மணிக்கு. நான் நித்திரை கொள்ளும் நேரமெல்லாம் அவர் வீட்டில் இருப்பார். மரக்கட்டை மாதிரி கண்ணை முழித்துக்கொண்டு கிடக்கிற பெண்சாதியைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ஏமாற்றிவிட்டார்கள் என்றுதானே நினைப்பார். நாற்பத்தொரு வயதில் வந்த ஒரு நல்ல காரியம் அப்படி உடைந்துவிடுமோ என்று பயந்தேன். சொன்னாலும் உடையும், சொல்லாவிட்டாலும் உடையும் போல இருந்தது.

பேக்கரியில் எனக்கு எதிரே நின்று வேலை செய்கிறவள் நியூஃபவுண்ட்லாந்துக்காரி. கிழக்கே கடலுக்குள் இருக்கும் ஒரு தீவு அது. ஏன் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது என்று ஒரு நாள் கேட்டாள். எனக்குப் பத்தாம் வகுப்பு ஆங்கிலம். மேசையில் தலையைச் சாய்த்து, கையை விறைப்பாக வைத்து, நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் மேசையில் ஓங்கித் தட்டினாள்.

"அட, கிழவி!"

அவர்கள் தீவில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் ஏறி இருப்பாளாம். அவளுடைய அம்மாவுக்கும் வந்ததாம், தனக்கும் வந்ததாம், அந்தத் தெருவில் பாதிப்பேருக்கு வந்ததாம். கிடக்கிற ஆளின் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து தலைகீழாகத் திருப்பிச் சொன்னால் கிழவி இறங்கிவிடுவாள் என்றாள். என் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். தலையிடிக்குப் போடும் குளிசையின் பெயர் மாதிரி வந்தது. இருவரும் சிரித்தோம்.

"நீ சொன்னால் சரிவராது. பக்கத்தில் இருக்கிற ஆள் சொல்லவேண்டும்" என்றாள். "உனக்குப் பக்கத்தில் யார்?"

அந்தப் படம் நினைவுக்கு வந்து என் முகம் சுட்டது.

தம்பிக்குச் சொல்லாமல் டொக்டரிடமும் போனேன். கனவு காணும்போது நாம் எழும்பி ஓடாமல் இருக்க உடம்பு தன்னைப் பூட்டிக்கொள்கிறதாம். சில நாள் பூட்டுத் திறக்க முன்பே அறிவு விழித்துவிடுகிறதாம். தலைமாட்டில் நிற்கிறவர் மிஞ்சிப்போன கனவாம். நேரம் மாறி நித்திரை கொள்கிறவர்களுக்கு இது கூடுதலாக வரும், ஆபத்து இல்லை என்றார். மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார். நான் பயந்தது மூன்று மாதம். அவர் சொன்னதில் முக்கால்வாசி நம்பினேன். மீதிக் கால்வாசியைக் கிழவிக்கு விட்டுவைத்தேன்.

பெண் பார்க்கும் இடம் மோர்னிங்சைட்டில் ஒரு டோனட் கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தம்பியும் மச்சாளும் இரண்டு மேசை தள்ளிப் போய் இருந்தார்கள். மச்சாளின் காது மட்டும் எங்கள் மேசையில் இருந்தது.

"டீயா, கோப்பியா?" என்று அவர் கேட்டார்.

நான் அவரோடு பேசிய முதல் வசனம் இது: "எனக்குப் பகல் நித்திரையில கை கால் வராது."

அவர் கையில் இருந்த டோனட்டைக் கீழே வைத்தார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் பிறகு வாயே திறக்காது என்று தெரியும். எல்லாவற்றையும் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். தம்பி முகட்டைப் பார்த்தான்.

"நோகுமா?" என்று கேட்டார்.

"இல்லை. பயம் மட்டுந்தான்."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ரெண்டு நிமிசம் இருக்கும்."

"தொட்டா விடுமா?"

"விடும் எண்டுதான் நினைக்கிறன். ஒருத்தரும் தொட்டுப் பாக்கேல்லை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும், காது சிவந்துபோனது. கொஞ்ச நேரம் இருவரும் சீனிப் பக்கெற்றை உருட்டிக்கொண்டிருந்தோம். பிறகு, படத்தில் சிரித்த அதே சிரிப்போடு சொன்னார்:

"மட்டக்களப்பு ஆக்கள் பாயோட ஒட்டவைப்பாங்க எண்டு உங்கட ஊரில சொல்லுவாங்கதானே? நீங்க வரக்குள்ளயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறீங்க. எங்களுக்கு வேலை மிச்சம்."

அந்தப் பக்கம் வேலைக்குப் போன யாழ்ப்பாணத்து ஆண்கள் அங்கேயே கலியாணம் கட்டி இருந்துவிட்டால், மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டிவிட்டார்கள் என்று எங்கள் ஊரில் சொல்கிற பகிடி அது. இரண்டு மேசைக்கு அப்பால் மச்சாளுக்குத் தேத்தண்ணீர் புரைக்கேறியது.

"அமுக்குது எண்டு எப்பிடி நான் கண்டுபிடிக்கிற?" என்று கேட்டார்.

"மூச்சு மட்டும் என்ர சொல்லுக் கேக்கும். வேகமா விடுவன்."

"சரி. மூச்சைப் பாத்துக்கொள்ளுறன்."

ஆவணியில் கலியாணம் நடந்தது.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் பிரச்சினையாகப் போனது. முதல் கிழமை நான் கொஞ்சம் பலமாக மூச்சு விட்டாலே தோளைப் பிடித்து உலுக்குவார்.

"அமுக்குதா?"

"இல்லையப்பா, நித்திரை கொள்ளுறன்."

"மூச்சு வேகமா வந்திச்சே."

"அது குறட்டை!"

"பொம்பிளைகளும் குறட்டை விடுவாங்களா?"

ஒரு நாளைக்கு நான்கு தடவை. பேக்கரியில் நின்றபடியே தூங்கி, ஒரு தட்டு மஃபினைக் கொட்டினேன். "கிழவியே பரவாயில்லைப் போல" என்றாள் நியூஃபவுண்ட்லாந்துக்காரி. கடைசியில் அவரிடம் சொன்னேன்: "இனி நல்லா யோசிச்சுப்போட்டு எழுப்புங்கோ." முகம் வாடிவிட்டது. ஆனாலும் தலையாட்டினார்.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் அது உண்மையாகவே வந்தது. குசினியில் வெங்காயம் வதங்கும் மணம் வந்தது. கையும் காலும் பூட்டிக் கிடந்தன; கண் மட்டும் ஒரு கீற்றளவு திறந்திருந்தது. மூச்சை வேகமாக விட்டேன். அவர் அகப்பையோடு வாசலுக்கு வந்து நின்று என்னைப் பார்த்தார். இன்னும் வேகமாக விட்டேன். நன்றாக யோசித்தார். தலையைச் சொறிந்தார். "குறட்டை" என்று தனக்குள் சொல்லிவிட்டு, என் காலுக்குப் போர்வையை இழுத்து மூடினார். கர்ட்டினைச் சாத்தினார். நுனிக்காலில் திரும்பியவர் கட்டில் மூலையில் முழங்காலை இடித்துக்கொண்டார். நான் எழும்பிவிடக் கூடாதென்று கத்தலை விழுங்கி, ஒற்றைக் காலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் அசையாமல் சிரிப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் கண்டேன். வயிற்றில் தொடங்கி, நெஞ்சில் முட்டி, அந்த மூட்டையையும் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. பூட்டு உடைந்தது. வீடு அதிரச் சிரித்தேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "அமுக்கினதா?"

"ஓம். கொஞ்சம் முதல்."

"ஐயோ, நான் வந்து பார்த்தனே! குறட்டை எண்டுதான் நினைச்சன்."

"தெரியும். எல்லாம் பாத்துக்கொண்டுதான் கிடந்தனான்."

கட்டில் விளிம்பில் இருந்தார். முழங்காலைத் தடவினார்.

"கால் இடிச்சதையுமா?"

"ஓம்" என்றேன். குசினியில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது. இருவருக்கும் எழும்ப மனம் வரவில்லை.