காலைச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு குளிசை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பண்டாரவளையில் நான் சொந்த டிஸ்பென்சரி திறந்து இரண்டு வருடம் இருக்கும். ஒரு காலை ஒன்பதரைக்குக் கொழுந்து லொறியொன்று வாசலில் வந்து நின்றது. பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து என் நோயாளி மாரியாயியைச் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். நினைவில்லை. உடம்பெல்லாம் வியர்வை, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தவ திடீர்னு உளறுனா. அப்படியே சரிஞ்சிட்டா ஐயா" என்றார் அவர் கணவர்.

மாரியாயிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மூன்று மாதம் குளிசை கொடுத்தும் இரத்தத்தில் சீனி சரியாக இறங்கவில்லை. பத்து நாளுக்கு முன் விசாரித்தபோதுதான், காலையில் போட வேண்டியதை மத்தியானச் சோற்றோடு விழுங்குகிறார் என்று தெரிந்தது. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும்.

"காலமைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"காலையில போட்டா கிறுகிறுன்னு வருதுங்க ஐயா."

"அது சீனி கூடினதாலை வாற தலைச்சுத்து. இனிக் காலமையே ரெண்டு போடுங்கோ. ஒரு நாளும் தவறக்கூடாது."

வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

இப்போது அவரைப் பார்த்ததும் பக்கவாதம் என்றே முடிவு கட்டினேன். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதப் பேனையும் எடுத்தாயிற்று. ஆனால் அந்த வியர்வை மனதை உறுத்தியது.

"காலமை என்ன சாப்பிட்டவ?"

"சாப்பிடலிங்க. விடியறப்ப மாத்திரயப் போட்டு, வெறும் தேயிலைச் சாயத்தண்ணியக் குடிச்சிட்டு, பேரு பதியப் பெரட்டுக்கு ஓடிருவா. பதிஞ்சதும் மலைக்கு ஏறணுமில்ல? ரொட்டி பத்து மணிக்குத்தான் திம்பா."

"சாயத்தண்ணிக்குச் சீனி?"

"நீங்கதான வேணாம்னீங்க."

விரலில் குத்திப் பார்த்தேன். சீனி மீட்டர் இருபத்தெட்டு என்றது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. சீனி கூடியதால் என்று நான் சொன்ன தலைச்சுற்றும் சீனி இறங்கியதால் வந்ததுதான். குளுக்கோஸ் ஊசியை எடுத்தேன். நரம்பு பிடிபடவில்லை. இரண்டாம் தடவையும் தவறியது. அவர் கணவர் காலைத் தேய்த்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் மேல் இருந்த நம்பிக்கை எனக்கு அந்த நேரத்தில் தாங்க முடியாததாக இருந்தது. மூன்றாம் தடவை இரத்தம் ஊசிக்குள் வந்தது.

குளுக்கோஸ் இறங்கிச் சில நிமிடத்தில் மாரியாயி கண் திறந்தார். என்னைக் கண்டதும் பதறி எழப் பார்த்தார்.

"ஏசாதீங்க ஐயா. ரெண்டும் போட்டேனுங்க. ஒரு நாளும் தவறல."

அவர் தோளைப் பிடித்துத் திரும்பக் கிடத்தினேன். பிறகு கணவர் முன்னிலையிலேயே சொன்னேன்: "பிழை உங்களிலை இல்லை. என்னிலைதான்." அந்தக் குளிசையின் வேகம் மறுநாள் வரை இருக்கும், சீனி மறுபடி இறங்கலாம். அதனால் அதே லொறியில் நானும் ஏறிப் பதுளை வரை போனேன்.

இளம் டாக்டர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 'சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதுமுன், எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், முதல் வாய்ச் சாப்பாடு எப்போது, எங்கே என்று கேளுங்கள். சொன்னதைச் செய்யாத நோயாளியிடம் ஏன் செய்யவில்லை என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேளுங்கள். குளிசையைச் சோற்றோடு போட்டு அந்த மூன்று மாதமும் மாரியாயி தன் உயிரைத் தானே காத்து வந்திருக்கிறார். அதை நிறுத்தியவன் நான்.