ஹிராகா எந்தப் படிப்பில் சேர்ந்தாள்?

உசுய் கனாகோவுக்கு யாரைப் பார்த்தும் பொறாமை கிடையாது. அவரே சொல்லியிருக்கிறார், அதுவும் நான் கேட்காமலே. "அந்த ஹிராகாவைப் பாத்து நான் ஏன் பொறாமைப்படணும்? அவ வயசென்ன, என் வயசென்ன?" என்பார் அந்த அம்மாள். சொன்ன கையோடு கழுத்தை நீட்டி, மூன்றாம் ஜன்னலில் ஹிராகா மிச்சிரு என்ன செய்கிறாள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

சுருவோகா ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு மூன்று ஜன்னல்கள். முதலாவது உசுய் சான் (மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்ப்பது எங்கள் வழக்கம்), நடுவில் நான், மூன்றாவது ஹிராகா. டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் காகிதத்தை வாங்கி, என்ன சோதனை, என்ன மருந்து என்று சரிபார்த்து, இன்சூரன்ஸ் பில் போடுவது எங்கள் வேலை. மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் போன மாதத்துப் பில் முழுவதும் போயாக வேண்டும். அந்தப் பத்து நாளும் உசுய் சானிடம் வானிலையைப் பற்றிக்கூட யாரும் பேச மாட்டோம்.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. பதினோரு வருஷமாக அதே ஜன்னல். ஆனாலும் நாங்கள் மூவருமே ஆஸ்பத்திரி ஆட்கள் இல்லை, வெளிக் கம்பெனி ஒன்று அனுப்பி வைத்த ஆட்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒப்பந்தம் புதுசாகும். புதுசாகிறவரை உசுய் சானின் குரல் பாதியாகிவிடும். புதுசானதும் பழைய சத்தம் வந்துவிடும்.

ஒரு ஜூன் மாதம் அலுவலகத் தலைவர் தோகாஷி எங்களை நிற்க வைத்துப் பேசினார். அவர் வாயில் 'அதாவது' வராமல் எதுவும் வராது.

"அதாவது, என்னன்னா, மாடில ரெக்கார்டு ரூம்ல இருக்கற வாகுய் சான் இன்னிலேந்து மூணாவது மார்ச்ல ரிடயர் ஆகறார். அதாவது, வெளியாள் தேடறதுக்குப் பதிலா, கீழ இருக்கறவங்கள்ல யாராவது மெடிக்கல் கோடிங் படிச்சு பாஸ் பண்ணா எடுத்துக்கலாம்னு டைரக்டர் சொல்றார். என்னன்னா, பர்மனென்ட் வேலை. அதாவது, ஒரே ஒரு இடம்."

நோயாளியின் கோப்பை முழுக்கப் படித்து, அவருக்கு இருந்த ஒவ்வொரு நோயையும் எழுத்தும் எண்ணுமாக மாற்றி வைப்பதுதான் அந்த வேலை. வாகுய் அதை முப்பது வருஷமாக, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்.

"நான் பாக்காத நோயா? எனக்கு எதுக்குப் படிப்பு?" என்றார் உசுய் சான். அவ்வளவுதான், விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

ஜூலையில் ஒருநாள் மதியம். நாங்கள் எல்லோரும் சாப்பாட்டு நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் அவரவர் காருக்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். காலையிலிருந்து மனிதர்களைப் பார்த்த கண்ணுக்கு ஒரு மணி நேரம் விடுமுறை. அன்று உசுய் சான் என் கார்க் கண்ணாடியைத் தட்டினார். கையில் பாதி சோற்றுருண்டை.

"அகுட்சு, ஹிராகா கார்ல ஏதோ புஸ்தகம் படிக்கறா. போய் என்னன்னு பாரு."

"நீங்களே போய்க் கேக்கலாமே."

"நான் கேட்டா எனக்கு ஏதோ அக்கறை இருக்கற மாதிரி ஆயிடும்."

போனேன். ஹிராகா என்னைப் பார்த்ததும் சாப்பாட்டுத் துணியை இழுத்துப் புத்தகத்தின் மேல் போட்டுவிட்டாள். திரும்பி வந்து, மறைக்கும் முன் மூன்று கலர்க் கோடுகள் கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டு, அவள் பதிலை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். ஹிராகா எந்தச் சொல்லையும் சட்டென்று முடிக்க மாட்டாள், கடைசி எழுத்தை இழுத்து ஊஞ்சல் கட்டுவாள்.

"சும்மாஆஆ... பொழுதுபோக்குக்குத்தான் அகுட்சு சாஆஆன்..."

உசுய் சான் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "பொழுதுபோக்குக்கு எவளாவது மூணு கலர்ல கோடு போடுவாளா?"

அடுத்த வாரம் அவர் காரில் இரண்டு விளம்பரப் புத்தகங்கள் இருந்தன. முதலாவதின் அட்டையில் ஒரு பெண் பல் தெரியச் சிரித்தாள்: நான்கு மாதம், தபாலில் பாடம், வீட்டிலேயே பரீட்சை. இரண்டாவதின் அட்டையில் யாரும் சிரிக்கவில்லை: இரண்டு வருஷம், உடற்கூறிலிருந்து ஆரம்பம், நடுநடுவே சென்டாய் நகரத்துக்கு நேரில் போய் வகுப்பு, கடைசியில் பெரிய பரீட்சை.

"எதுல சேரலாம்?" என்றார்.

"உங்களுக்கு எது வேணும்?"

"அதைத்தானே கேக்கறேன். ஹிராகா எதுல சேந்திருப்பா?"

அவரே விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "எட்டரைலேந்து அஞ்சேகால் வரைக்கும் இங்க. முதல் பத்து நாள் ஏழரை ஆயிடும். வீட்டுக்குப் போய் சமைச்சு, குளிச்சு... ரெண்டு வருஷம் எவனால முடியும்? நாலு மாசத்துல முடிச்சா டிசம்பர்லயே சர்டிபிகேட். அவ அப்போ பாதிப் புஸ்தகத்துல இருப்பா." அந்தப் பாதிப் புத்தகத்தை நினைத்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். நான்கு மாதப் படிவத்தை அப்போதே நிரப்பி, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் பெயர் முத்திரையும் குத்திவிட்டார்.

தபாலில் போடும் முன் ஆகஸ்ட் வந்தது. ஹிராகா இரண்டு நாள் லீவு போட்டாள். திங்கட்கிழமை காலை பொது மேசையில் ஒரு பலகாரப் பெட்டி, மேலே துண்டுச்சீட்டு: 'எல்லோரும் ஒவ்வொன்று எடுத்துக்கொள்ளவும் – ஹிராகா.' லீவு போட்டு எங்கே போனாலும், உங்களுக்கு வேலை வைத்துவிட்டுப் போனேனே என்பதற்காக அந்த ஊர்ப் பலகாரம் வாங்கி வருவது எங்கள் வழக்கம். எங்கே போனாய் என்று யாரும் கேட்பதில்லை. பெட்டியே சொல்லிவிடும்.

இந்தப் பெட்டியில் இருந்தது பச்சைச் சோயா விழுது தடவிய மோச்சி, இடித்த அரிசியில் பிடித்த உருண்டை. சென்டாய் சரக்கு.

உசுய் சான் அதைத் தொடவில்லை. "பச்சைச் சோயாவுக்குப் பேர் போன ஊர் நம்ம ஊரு. அதுவும் ஆகஸ்ட் மாசம். இங்க வந்து சென்டாய் சோயா குடுக்கறா, திமிரைப் பாரு" என்று என் காதில் முணுமுணுத்தார். பிறகு மெதுவாக, "சென்டாய். அப்போ ரெண்டு வருஷப் படிப்பு" என்றார்.

அன்று மதியமே தோகாஷியிடம் போய், யாரோ ஒரு தோழிக்காகக் கேட்பதுபோல, எந்தப் படிப்பு ரெக்கார்டு ரூமுக்குச் செல்லும் என்று விசாரித்தார்.

"அதாவது, நாலு மாசப் படிப்பு இருக்கே, அது பில் போடறது எப்படின்னு சொல்லித்தரும். என்னன்னா, அதை நீங்க பதினோரு வருஷமா செய்யறீங்களே உசுய் சான். அதாவது, உங்க தோழி."

படிவம் கிழிந்தது. இரண்டு வருஷப் படிப்பில் அக்டோபரில் சேர்ந்தார். யாருக்கும் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். "தோத்துட்டா அவ முகத்துல எப்படி முழிப்பேன்? அவ 'அப்படீங்களாஆஆ'ன்னு ஒரு இழு இழுப்பா. அதை என்னால தாங்க முடியாது."

நவம்பரில் அவருக்கு முதல் நேர் வகுப்பு. லீவுக் கடிதத்தில், சென்டாய்க்கு வேறு திசையில் இருக்கும் நீகாத்தா ஊரில் அத்தைக்குப் பதிமூன்றாம் வருஷத் திதி என்று எழுதினார். அத்தையின் பெயர்கூட எங்களுக்குத் தெரியும், அவ்வளவு விவரமாகச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை பொது மேசையில் பெட்டி இருந்தது. மேலே அவருடைய அழகான கையெழுத்து. உள்ளே பச்சைச் சோயா மோச்சி.

நான் பார்த்தேன். ஹிராகா பார்த்தாள். தோகாஷி ஒன்றை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று, "அதாவது, நீகாத்தாவுலயும் இப்போ இதே பலகாரமா?" என்றார்.

உசுய் சானின் முகம் காது வரை சிவந்தது. பின்னால் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்: "பஸ் கிளம்ப ரெண்டு நிமிஷம் இருந்தது. வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு நினைச்சேன். கை அதுவாவே போய் வாங்கிடுச்சு. பதினோரு வருஷப் பழக்கம் அகுட்சு, மூளைகிட்ட யார் கேட்டா?"

"அப்படீங்களாஆஆ" என்று ஹிராகா இழுத்தது உண்மைதான். ஆனால் மதியம் அவளே போய் உசுய் சானின் காரில் ஏறி உட்கார்ந்தாள். என் கார் பக்கத்தில்தான். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தேன்.

"முதல் பரீட்சைல எனக்கு நாப்பத்தி ரெண்டு" என்றாள் ஹிராகா, இழுக்காமல். "உங்களுக்கு?"

"எழுபத்தி ஒண்ணு. சும்மா குருட்டாம்போக்குல..."

"எனக்கு உங்களப் பாத்தா வயிறு எரியுது உசுய் சான். நான் ராத்திரி பகலா மனப்பாடம் பண்ற நோயெல்லாம் உங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி தெரியுது."

உசுய் சான் சாயங்காலம் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ கேட்டேல்ல? அவ சொன்னதை அவ குரல்லயே ஒருதரம் சொல்லேன். அந்த 'வயிறு எரியுது' மட்டும் போதும்." அந்தக் குளிர்காலத்தில் அதை நான் எத்தனை தரம் சொல்லிக் காட்டினேன் என்பதற்குக் கணக்கில்லை.

அதற்காக இருவரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று எழுதினால் பொய். உசுய் சானுக்கு எழுபத்தொன்றுக்கு மேல் ஏறவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தது ஹிராகாதான். ஜன்னலில் நாங்கள் போடும் பில்லில், ஒரு சோதனை செய்தால் அதற்கு ஒரு நோயின் பெயர் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் பில் திரும்பி வந்துவிடும். அதனால் 'வயிற்றுப் புற்றுநோய் – சந்தேகம்' என்று டாக்டர்களை நச்சரித்து எழுத வைப்பது உசுய் சானின் தொழில். கோடிங்கில் சந்தேகத்துக்கு எண் கிடையாது, உறுதியானதற்கு மட்டுமே உண்டு. உசுய் சானோ பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் எண் போட்டு, ஒரு பரீட்சைத்தாளில் வெறும் மலச்சிக்கலோடு வந்த முதியவருக்கு மூன்று புற்றுநோய் கொடுத்திருந்தார்.

"பாவம், அந்தத் தாத்தா" என்றாள் ஹிராகா. அதோடு விட்டுவிடாமல் விதியையும் சொல்லிக்கொடுத்தாள். மதிப்பெண் தொண்ணூறுக்குப் போனது.

பதிலுக்கு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். எங்கள் டாக்டர்கள் ஒவ்வொருவரும் எழுதும் சுருக்கெழுத்துகளை உசுய் சான் பதினோரு வருஷமாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். அதைக் கடன் கேட்டாள். "வீட்டுல எங்கயோ கிடக்கு, தேடணும்" என்றார் உசுய் சான். நோட்டு அவர் உட்கார்ந்திருந்த இருக்கைக்கு அடியிலேயே இருந்தது. ஒரு வருஷம் தேடினார். பனி கொட்டும் மதியங்களில், இன்ஜினை ஓடவிட்டு, அந்த நோட்டின் மேல் உட்கார்ந்தபடியே படித்தார்.

கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு, தானாகவே எடுத்துப்போய் ஹிராகாவின் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு ஆச்சரியம். ஏன் என்று கேட்டேன்.

"நல்லா யோசிச்சேன். அவ பெயிலாயிட்டான்னு வை. ஆஸ்பத்திரி பூரா 'ஐயோ பாவம் ஹிராகா, சின்னப் பொண்ணு'ன்னு அவளைப் பத்தியே பேசும். நான் பாஸானதை ஒருத்தனும் பேச மாட்டான். அதுக்கு அவ பாஸே ஆகித் தொலையட்டும்."

இருவரும் பாஸ் ஆனார்கள். உசுய் சானுக்கு நான்கு மதிப்பெண் கூட.

அந்த மூன்றாவது மார்ச்சில் தோகாஷி இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். உசுய் சான் உள்ளே போனபோது அவருடைய ஜன்னலையும் நானே பார்த்துக்கொண்டேன். இரண்டு பேருக்குச் சீட்டை மாற்றிக் கொடுத்தேன். வெளியே வந்தவர் யாரையும் பார்க்காமல் நேராக வந்து, தன் ஜன்னலின் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். இரண்டு பக்கமும் துடைத்தார். "ஏப்ரல் ஒண்ணாந்தேதிலேந்து மாடி" என்றார். யாரை எடுக்கலாம் என்றதற்கு வாகுய் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: நம் டாக்டர்களின் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யார்?

ஹிராகா மூன்றாம் ஜன்னலிலிருந்து எழுந்து வந்து, இடுப்பு வளையக் குனிந்து வாழ்த்துச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. அன்று அவள் எதையும் இழுக்கவில்லை.

மே மாதம் நான் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். உசுய் சான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஆஸ்பத்திரியின் அடையாள அட்டை, எங்கள் கம்பெனி அட்டை இல்லை. அதை நேராக்கிக்கொண்டே கேட்டார்:

"ஹிராகா என்ன பண்றா?"

"தெரியாதா? சென்டாய்ல பெரிய ஆஸ்பத்திரில கோடிங் வேலை கிடைச்சிடுச்சு. போன வாரம்தான் சேந்தா. பர்மனென்ட்."

அவருடைய பேனா நின்றது.

"எத்தனாவது மாடி?"

"பதினொண்ணு."

"கடல் தெரியுமா?"

"தெரியுதாம்."

உசுய் சான் தன் ஜன்னல் வழியே வண்டி நிறுத்துமிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு கோப்பைத் திறந்தார், மூடினார்.

"அந்த ரூம்ல எத்தனை பேர்?"

"ஒன்பது பேர்னு சொன்னா."

"ஒன்பது பேரா!" முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, நானும் அவரும் மட்டுமே இருந்த அந்த அறையை முழுதாகப் பார்த்தார். "அப்போ தனி ரூம் இல்ல. ஜன்னல் பக்கத்து சீட்டா, உள்பக்கமா? அதைக் கேட்டியா நீ?"

கேட்கவில்லை என்றேன்.

"இன்னிக்கே கேட்டுச் சொல்லு" என்றார். "நான் கேட்டேன்னு சொல்லாத."