ராமச்சந்திரனின் வலது கால்

மஹாலட்சுமி மாமியின் ஹிந்தி லக்ஷ்மிபாய் நகர் முழுக்கப் பிரசித்தம். காய்கறிக்காரரிடம் பேரம் பேச ஆரம்பித்தாளானால் அவரே "பஸ், மாதாஜி, பஸ்!" - போதும் தாயே, போதும் - என்று கும்பிட்டுவிடுவார்.

அவள் கணவர் ராமச்சந்திரன், மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. படுத்தே கிடந்ததில் வலது தொடை வற்றி, இடது தொடையில் பாதியாகிவிட்டது.

அசைக்காத தசை கரைந்துகொண்டேதான் போகும் என்றாள் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி பெண். காலை மடக்கி நீட்டப் பழக்கினாள். கூடவே அக்குபிரஷரும் சொல்லிக் கொடுத்தாள்: முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி, எலும்புக்கு வெளிப்பக்கம், கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அது துணைக்குத்தான், எழுந்து நிற்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

அந்த ஆசைதான் இருப்பதாகத் தெரியவில்லை. மாமி காலைத் தொட்டதுமே "பஸ்" என்பார். திரும்பி வந்த ஒரே சொல் அது. பாதி அழுத்தியதோடு மாமி விட்டுவிடுவாள். "மனுஷன் வெறுத்துப் போயிட்டார்டி" என்று மகள் சுபிக்ஷாவிடம் சொல்லி அழுதாள்.

ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

"அப்பா, டாக்ஸி புக் பண்ணிட்டேன். ஜல்தி கிளம்பலாம்" என்றாள் சுபிக்ஷா.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். "பஸ்."

"என்னப்பா போறும்? இன்னும் கிளம்பவே இல்லையே!"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, இல்லாத கம்பி ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டார். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினார்.

"பஸ்!"

சுபிக்ஷா விழித்தாள். மாமிக்குப் புரிந்துவிட்டது. வேலைக்குப் போன காலமெல்லாம் பஸ்ஸில் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதானே போய் வந்தார்! பெரிய ஹிந்திக்காரி மாதிரி அதைப் 'போதும்' என்றே எடுத்துக்கொண்ட தன் மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

"இத்தனை நாளா இதைத்தான் சொன்னேளா?"

அவர் தலையசைத்தார்.

மாமி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வற்றிய காலை மடியில் இழுத்துப் போட்டாள்.

"சுபி, அந்த டாக்ஸிக்காரனை வெயிட் பண்ணச் சொல்லு" என்றாள். பிறகு அவரிடம், "காலை நன்னா நீட்டுங்கோ. பஸ்ஸுல உக்கார எடம் கெடைக்காது. நின்னுண்டேதான் போகணும்."